வெயிலைச் சேர்க்கும் குதிர்: குளிர்நாட்டுப் பசுமைக்குடில்களில் மண்ணின் வேலை

பனி பெய்யும் ஊர்களில் குளிர்காலத்துக்கும் பச்சைக் கீரை வேண்டும் என்று நினைத்தவர்கள் உலகின் பல மூலைகளில் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: மண்ணைத் துணைக்கு அழைப்பது. பொலிவியாவின் மேட்டுநிலத்தில் ஆளுயரக் குழி தோண்டி மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தினார்கள். வட சீனத்தில் வடக்குப் பக்கம் மதில் போல மண்சுவர் எழுப்பி, அதன் உச்சியிலிருந்து தெற்கே கூரையைச் சரித்தார்கள். லடாக்கில் இடுப்பளவு அகழி வெட்டினார்கள். இவை எல்லாவற்றையும் மண் அணைத்த பசுமைக்குடில்கள் என்று ஒரே பெயரில் அடக்கிவிடலாம். அந்தப் பெயரோடு ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வருகிறது: நிலத்துக்கு அடியில் எப்போதும் கதகதப்பு, ஆகவே ஆழம் கூடக் கூட நல்லது என்பது. நம்பிக்கையில் பாதி சரி. மற்றப் பாதியையும் நம்பித் தோண்டினால் நிழலில்தான் கீரை நட வேண்டிவரும். இந்தக் குடில்களில் உணவை விளைவிப்பது வெயில். பகலில் வந்த வெயிலை வாங்கி வைத்து இரவில் திருப்பிக் கொடுப்பது மண்ணின் வேலை. நெல்லைக் கொட்டிவைக்கும் குதிரின் வேலை போன்றது அது. வரத்து இல்லாத வீட்டில் குதிர் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. மூடி இல்லாத குதிரில் நெல் தங்குவதும் இல்லை. ஒரு குடிலை எடைபோடும்போது குளிர்கால வெயில் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். வந்தது இரவில் எப்படி நிற்கிறது என்பதை அடுத்துக் கேட்க வேண்டும். எத்தனை அடி ஆழம் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். பல நாட்டு அனுபவங்களையும் கொஞ்சம் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த வரிசைக்கான காரணம் புலப்படும்.

நிலம் எவ்வளவு வெப்பமானது என்பதிலிருந்து தொடங்கலாம். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது நமக்குத் தெரிந்ததே. நிலத்தில் சில மீட்டர் கீழே போனால் கோடையும் குளிரும் எட்டுவதில்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை எதுவோ, அதை ஒட்டியே ஆண்டு முழுவதும் நிற்கும். தமிழ்நாட்டுச் சமவெளியின் சராசரி 28 டிகிரி செல்சியஸை ஒட்டியிருப்பதால்தான் கிணறு நமக்கு இதமாகத் தெரிகிறது. லடாக்கில் உள்ள லே ஊரின் ஆண்டுச் சராசரி 5, 6 டிகிரிதான். அங்கே எவ்வளவு ஆழமான கிணறு வெட்டினாலும் கிடைப்பது அந்த 5, 6 டிகிரிக்குப் பக்கம்தான். அந்த நிலையான வெப்பத்தை அடையவே பல மீட்டர் தோண்ட வேண்டும். ஆண்டின் ஏற்ற இறக்கம் மண்ணுக்குள் ஏறக்குறைய 2 மீட்டர் இறங்கும்போது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. இரண்டு மாதம் பிந்தியும் வருகிறது. ஒரு மீட்டர் ஆழத்திலோ ஏற்ற இறக்கத்தின் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். லேயில் ஜனவரிச் சராசரி உறைநிலைக்குச் சில டிகிரி கீழே, ஜூலைச் சராசரி 18 டிகிரிக்குப் பக்கம் என்று வைத்துக் கணக்கிட்டால், மூன்றடி ஆழத்து மண் குளிர்கால முடிவில் உறைநிலையை ஒட்டியே கிடக்கும். அடியிலிருந்து வரும் இந்தச் சூட்டை மட்டும் நம்பி நட்ட விதை முளைக்கவும் யோசிக்கும்.

அப்படியிருந்தும் லடாக்கின் அகழிகளில் ஜனவரியில் கீரை பிழைக்கிறது. மண்ணின் இரண்டு குணங்களைப் பிரித்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். முதல் குணம் கொள்ளளவு. ஒரு கன மீட்டர் ஈர மண்ணை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், அதே அளவு காற்றைச் சூடாக்கத் தேவைப்படுவதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். வெயில் பட்டதும் பாலித்தீன் குடிலின் காற்று மளமளவென்று சூடேறி, வெயில் சாய்ந்ததும் அதே வேகத்தில் ஆறிவிடுவது இதனால்தான். வெயில் விழும் இடத்தில் மண்ணோ கல்லோ தண்ணீர்ப் பீப்பாயோ இருந்தால் பகலின் உச்சச் சூடு அதற்குள் இறங்குகிறது; இரவில் மெல்லக் கசிகிறது. தண்ணீரின் கொள்ளளவு ஈர மண்ணைப் போல இரு மடங்கு என்பதால்தான் வடக்குச் சுவரோரம் கறுப்புப் பீப்பாய்களை அடுக்குகிறார்கள். இரண்டாவது குணம் கடத்துதிறன். இதில் மண் நல்ல பெயர் எடுக்காது. ஈர மண் வழியாக வெப்பம் கடக்கும் வேகம் உலர்ந்த வைக்கோல் வழியாகக் கடப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ஒரு சாண் வைக்கோல் செய்யும் தடுப்பை மண்ணால் செய்ய ஓர் ஆள் உயரத்துக்கு மேல் மண் வேண்டும். சேர்த்து வைப்பதில் மண் கெட்டிக்காரன், போர்த்துவதில் மந்தம். நிலத்தில் புதைந்த குடிலின் ஓரச் சுவர்கள் வழியாக வெப்பம் வெளியே உறைந்த மண்ணுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் கவனமாகக் கட்டுகிறவர்கள் சுவருக்கும் வெளி மண்ணுக்கும் நடுவே வைக்கோல், மரத்தூள், நுரைப் பலகை என்று ஏதாவது ஒன்றைச் செருகுகிறார்கள்.

ஓர் இரவின் வரவு செலவைப் போட்டுப் பார்த்தால் இந்தக் குணங்களின் எடை தெரியும். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், ஒற்றைப் பாலித்தீன் தாள் வழியாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 6 வாட் வெளியேறும். வெளியே மைனஸ் 15, உள்ளே 5 டிகிரி என்று வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு 120 வாட். பதினான்கு மணி நேர இரவில் அது ஏறக்குறைய 1.7 யூனிட். முப்பது சதுர மீட்டர் தாள் போர்த்திய சின்னக் குடிலுக்கு ஒரே இரவில் 50 யூனிட் போய்விடும். வரவைப் பார்த்தால், தெளிந்த குளிர்கால நாளில் தெற்கு நோக்கிச் சாய்ந்த ஒரு சதுர மீட்டரில் லே போன்ற ஊரில் நான்கு யூனிட்டுக்குக் குறையாமல் வெயில் விழும். தாள் தடுத்தது, பகலிலேயே கசிந்தது போக மிஞ்சுவது இரவுச் செலவுக்கு ஈடுகொடுக்கும், ஆனால் மட்டுமட்டாகத்தான். அந்த 1.7 யூனிட்டைச் சேர்த்துவைக்க எவ்வளவு மண் வேண்டும்? பத்து டிகிரி ஆறுவதாகக் கொண்டால், ஒவ்வொரு சதுர மீட்டர் தாளுக்கும் ஒரு முழத்துக்கும் குறைவான கனமுள்ள மண் போதும். பகலின் சூடு ஒரே நாளில் மண்ணுக்குள் இறங்கக்கூடிய ஆழமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு அப்பால் உள்ள மண் சுவரைத் தாங்கலாம், காற்றை மறைக்கலாம். அன்றாடக் கணக்கில் அதற்குப் பங்கு குறைவு. இதே கணக்கில் இரவில் தாளுக்கு மேல் ஒரு போர்வை விரித்துக் கசிவைப் பாதியாக்கினால் 25 யூனிட் மிச்சம். மேலும் நாலடி தோண்டிப் பெறுவதைவிட இது பெரிய லாபம். மேகமில்லாத வானம் பகலில் கொடுத்ததை இரவில் பறிக்கும். கண்ணாடி தடுக்கும் அனல்கதிர்களைச் சாதாரணப் பாலித்தீன் பெரும்பாலும் விட்டுவிடும் என்பதால் உயர்ந்த, வறண்ட நிலங்களில் போர்வையின் தேவை இன்னும் கூடுகிறது.

ஆழத்துக்கு எதிரான வலுவான சாட்சி நிழல். பொலிவியக் குழிக்குடிலுக்கு 'வாலிபினி' என்று பெயர். அய்மாரா மொழியில் வெதுவெதுப்பான இடம் என்று பொருள். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்சன் நிறுவனம் இதை லா பாஸ் வட்டாரத்தில் வளர்த்தெடுத்து, கட்டும் முறையைக் கையேடாகவும் வெளியிட்டது. ஆறு முதல் எட்டடி ஆழம், சாய்ந்த கூரை, செலவு மிகக் குறைவு. கையேடு உலகெங்கும் பரவியது. கூடவே பரவாதது லா பாஸின் சூரியன். தென் அட்சம் 16½ பாகையில் உள்ள அந்த ஊரில், ஆண்டின் மிகக் குறுகிய நாளான ஜூன் 21 அன்றுகூட நடுப்பகல் சூரியன் 50 பாகை உயரத்தில் நிற்கும். இரண்டு மீட்டர் ஆழக் குழியின் வெயில்பக்கச் சுவர் அப்போது தரையில் விழுத்தும் நிழலின் நீளம் 1.7 மீட்டர். அதே குழியை அமெரிக்காவின் மினியாபொலிசில் வெட்டினால், டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 21½ பாகையில்தான் இருக்கும். நிழல் 5 மீட்டர். ஹெல்சின்கியில் சூரியன் 6½ பாகை உயரத்தைத் தாண்டாது. நிழல் 18 மீட்டர் நீளும். குழியின் அகலம் மூன்று நான்கு மீட்டர் என்றால் மினியாபொலிசிலேயே நடுக்குளிர் வாரங்களில் தரையில் நேர்வெயில் விழாது. வெயில் வடக்குச் சுவரின் மேற்பகுதியில் பட்டுத் திரும்பும். செடிகள் சிதறிய வெளிச்சத்தை நம்பி வாழும். பொலிவியாவில் சரியாக வேலைசெய்த ஆழம் வடக்கே போகப் போகக் குற்றமாகிறது. நிலம் இரண்டு இடத்திலும் நிலம்தான், மாறியது வானம்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் மண்ணைக் கீழே தேடாமல் மேலே எழுப்பினார்கள். ஐரோப்பாவில் இந்த யோசனை பழையது. பாரிஸ் அருகே மொந்த்ரோய் ஊரில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து பீச் மரங்களைக் கனத்த சுவர்களில் படரவிட்டு வளர்த்தார்கள். சுவர் பகலின் வெயிலை வாங்கி இரவுப் பனியிலிருந்து பூக்களைக் காத்தது. நிக்கோலா ஃபாத்தியோ தெ துய்யிலியே என்ற கணித அறிஞர் 1699இல் அப்படிப்பட்ட பழச்சுவர்களைச் சாய்த்துக் கட்டினால் வெயில் கூடுதலாக விழும் என்று ஒரு நூலே எழுதினார். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு தாளும், தாளின் மேல் இரவுப் போர்வையும் சேர்ந்தால் வட சீனத்துக் குடில் கிடைத்துவிடும். லியாவ்னிங் மாகாணத்து விவசாயிகள் 1980களில் இதைச் செம்மைப்படுத்தினார்கள். சாண்டோங் மாகாணத்து ஷோகுவாங் வட்டாரத்தில், சான்யுவான்ஜு கிராமத்தின் கட்சிச் செயலாளர் வாங் லெயி, லியாவ்னிங்கில் கற்றதைக் கொண்டுவந்து 1989இல் 17 குடில்களை எழுப்பச் செய்தார். அதுவரை குளிர்காலக் காய்கறிக்கு நிலக்கரி எரித்த வட்டாரத்தில், நிலக்கரி இல்லாமல் வெள்ளரி காய்த்தது. இன்று சீனத்தில் இவ்வகைக் குடில்கள் பல லட்சம் ஹெக்டேரில் நிற்கின்றன.

சீனக் குடிலின் பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஆழம் எவ்வளவு வேண்டும் என்ற நம் கேள்விக்கு நல்ல விடை கிடைக்கும். கிழக்கு மேற்காக நீண்ட கட்டடம். வடக்கு, கிழக்கு, மேற்குப் பக்கங்கள் சுவர். தெற்கு மட்டும் தாள். வெயில் வராத பக்கத்தில் ஒளிபுகும் தாள் இருப்பது இழப்புக்கு மட்டுமே வழி என்பதால் அதை மூடிவிட்டார்கள். சுவருக்கு வேண்டிய மண்ணை உள்ளிருந்தே வெட்டி எடுப்பதால் தரை வெளிநிலத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஆழம் இங்கே சுவர் கட்டியதன் உபவிளைவு. மாலையில் வைக்கோல் பாயை உச்சியிலிருந்து உருட்டிவிட்டுக் காலையில் சுருட்டி ஏற்றுவார்கள். பிறகு வந்த குடில்களில் பஞ்சுப் போர்வையை மோட்டார் உருட்டுகிறது. ஷோகுவாங் சுவர்கள் அடியில் பல மீட்டர் கனம் கொண்டவை. அன்றாடச் சேமிப்புக்கு அதில் உட்பக்கத்து ஒரு முழம் போதும் என்பதை மேலே கணக்கில் பார்த்தோம். மீதிக் கனத்துக்கு விலையும் உண்டு: மேல்மண் சுவருக்குள் போகிறது, ஒரு குடிலின் நிழல் பின்னால் உள்ள குடில்மேல் விழாமல் இடைவெளியும் விட வேண்டும். மொத்த நிலத்தில் பாதிக்கும் குறைவாகவே பயிருக்கு மிஞ்சுகிறது. அதனால் புதிய குடில்களில் மெல்லிய செங்கல் சுவரும் வெளிப்புறம் நுரைப் பலகையும் வருகின்றன. சேமிக்க உள்ளே கனமான பொருள், தடுக்க வெளியே இலேசான பொருள் என்ற இந்தப் பிரிவினை, மண்ணின் இரண்டு குணங்களையும் சரியாக அறிந்ததன் பலன்.

இந்தக் கேள்விக்கு நமக்கு அருகில் உள்ள சோதனைக்களம் லடாக். லே ஊர் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர். குளிர்கால இரவுகள் மைனஸ் 15க்குச் சாதாரணமாக இறங்கும். சோஜி லா கணவாய் வழியும் மணாலி வழியும் பனியால் அடைபடும் மாதங்களில் பச்சைக் காய்கறி விமானத்தில்தான் வர முடியும். உருளைக்கிழங்கையும் முள்ளங்கியையும் நிலத்தடிக் குழிகளில் காப்பாற்றி வைப்பது அங்கே பழைய வழக்கம். உறையாமல் காப்பதற்குக் குழியே போதும் என்பதை அந்த மக்கள் அறிந்திருந்தார்கள். வளர்ப்பதற்கு வெளிச்சமும் வேண்டும். அதற்குத் தாள் வந்து சேர வேண்டியிருந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்கு லேயில் ஓர் ஆய்வகம் உண்டு; இன்று அதன் பெயர் திஹார். படைவீரர்களின் உணவுக்காகத் தொடங்கிய அந்த ஆய்வகம் பரப்பிய எளிய வடிவங்களில் ஒன்று அகழிக்குடில்: மூன்றடி ஆழத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம், மேலே கழிகள், அவற்றின்மேல் பாலித்தீன், இரவுக்கு அதன்மேல் இன்னொரு மூடாக்கு. சுவர் கட்ட வேண்டாம், பெரிய சட்டம் வேண்டாம், காற்று பிய்த்துப் போகாது. மூன்றடியோடு ஏன் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கும் நிழலே விடை. லேயின் டிசம்பர் நடுப்பகல் சூரியன் 32½ பாகை; மூன்றடிச் சுவரின் நிழல் நாலரை அடிக்கு மேல் நீளும். பத்தடி அகலப் பள்ளத்தில் அதுவே கிட்டத்தட்டப் பாதித் தரை. ஆறடி தோண்டினால் கிட்டத்தட்டத் தரை முழுவதும் நிழல்.

அகழியில் நிமிர்ந்து நிற்க முடியாது, வருமானத்துக்குப் போதுமான பரப்பும் கிடைக்காது. அதனால் அடுத்த கட்டத்தில் லடாக்கும் சுவருக்கு வந்தது. பிரான்சைச் சேர்ந்த ஜெரெஸ் என்ற அமைப்பும் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பரப்பிய வடிவம் சீனக் குடிலின் உறவுக்காரன். உள்ளூர் மண்கல்லில் இரட்டைச் சுவர், நடுவே வைக்கோலோ மரத்தூளோ, வடக்குப் பக்கத்தில் லடாக்கின் பாப்லர் கழிகள் தாங்கும் கூரை, தெற்கே பாலித்தீன், உள்ளே கறுப்புப் பூச்சு, காற்றோட்டத்துக்குத் திறப்பு. தாளைத் தவிர முக்கியமான பொருள் எல்லாம் ஊருக்குள்ளேயே கிடைக்கும். கட்டுவதும் ஊர்க் கொத்தனார்தான். 2009இல் இந்தப் பணிக்கு ஆஷ்டன் விருது கிடைத்தது. இப்படிப்பட்ட குடில்களில் நடுக்குளிரில் பாலக்கீரை, லெட்டூஸ், கொத்தமல்லி போன்ற இலைகள் கிடைக்கின்றன. பனி விலகும் மாதங்களில் அதே இடம் நாற்றங்காலாகிறது. மூன்று நான்கு மாதமே விளைச்சல் உள்ள வயலுக்கு நாற்று முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. கோடையில் தக்காளியும் வெள்ளரியும். ஜனவரியில் தக்காளி கேட்டால் கிடைக்காது. இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போனால் தக்காளி தளர்ந்துவிடும். பாலக்கீரையோ உறைபனியைத் தாங்கி மறுநாள் நிமிரும். இருக்கும் வெப்பத்துக்கு ஏற்ற பயிரைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் கட்டுமானத்தைப் போலவே வெற்றிக்குக் காரணம்.

எலுமிச்சை, ஆரஞ்சு எடுத்த இடங்களும் உண்டே என்று கேட்கலாம். நெப்ராஸ்கா மாநிலத்தின் அலையன்ஸ் ஊரில் ரஸ் ஃபின்ச் என்ற முன்னாள் தபால்காரர் 1990களில் கட்டிய குடிலில் ஆரஞ்சும் எலுமிச்சையும் அத்தியும் காய்த்தன. தரை நான்கடி தாழ்ந்தது; நிலத்தில் எட்டடி ஆழத்தில் புதைத்த குழாய்கள் வழியாக ஒரு மின்விசிறி காற்றைச் சுற்றிவிடும். அங்கே அந்த ஆழத்து மண் 11 டிகிரி. நிலத்தின் சூடு நேரடியாக உதவிய நேர்மையான சாட்சி இது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உதவி எதற்குப் போதுமானது என்று பார்க்க வேண்டும். எலுமிச்சை வகை மரங்களுக்குக் குளிர்காலத்தில் வளர்ச்சி தேவையில்லை. உறையாமல் உறங்கினால் போதும். மைனஸ் ஓரிரு டிகிரி வரை அவை தாங்கும். சோவியத் நாட்டில் தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் பகுதிகளில் எலுமிச்சையைப் பள்ளங்களில் நட்டுக் குளிர்காலத்தில் மூடிவைத்ததும் இதே தத்துவம்தான். குளிர்ச்சியில் உறங்கும் மரம் வெளிச்சக் குறைவையும் பொறுத்துக்கொள்ளும். காத்துக் கொடுப்பதற்குக் குழி சிறந்தது; லடாக்கியரின் கிழங்குக்குழி சொன்ன பாடமும் அதுவே. வளர்த்துக் கொடுப்பதற்குத் தெற்கு வெயில் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் ஆழத்தின்மேல் இத்தனை நம்பிக்கை வளர்ந்தது.

வடக்கே போகப் போகத் தடையாக நிற்பது குளிரைவிட வெளிச்சமே என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். இது உண்மை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சூடேற்றாத குடில்களில் குளிர்கால அறுவடை செய்துகாட்டிய எலியட் கோல்மன், பகல் பத்து மணி நேரத்துக்குக் குறையும் வாரங்களில் செடிகள் ஏறக்குறைய வளர்வதை நிறுத்திவிடுகின்றன என்பதை அடிப்படையாக வைத்தே விதைப்பு நாட்களை வகுத்தார். இலையுதிர் காலத்திலேயே முழுமையாக வளர்த்துவிட்டு, குளிர்காலத்தில் நிற்கும் பயிரைச் சிறுகச் சிறுகப் பறிப்பது அவர் வழி. லேயின் மிகக் குறுகிய பகல் பத்து மணி நேரத்துக்குச் சில நிமிடங்களே குறைவு; ஹெல்சின்கியில் அது ஆறு மணி நேரத்தை ஒட்டியது. அறுபதாம் அட்சத்துக்கு அப்பால் டிசம்பரில் எந்த மண்ணும் உதவாது. விளக்கும் வெப்பமும் மலிவாகக் கிடைக்கும் ஐஸ்லாந்து போன்ற நாடு வேண்டும். ஆனால் அங்கேயும் மார்ச்சிலும் அக்டோபரிலும் வெயில் உண்டு. வெளிநிலம்தான் உறைந்து கிடக்கும். அந்த இரு முனைகளிலும் சில வாரங்களை மீட்டுத் தருவது மண் அணைத்த குடிலால் முடிந்த காரியம். வெயிலே கணக்கின் முதல் வரி என்பதை இந்த வாதம் உறுதிப்படுத்துகிறதே தவிர, மறுக்கவில்லை.

நீர், ஈரம், சரிவு ஆகியவற்றைச் சுட்டும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஆண்டுக்கு நூறு மில்லிமீட்டர் பெய்யும் நாட்டில் குழி குழியாகவே இருக்கும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஊரில் அதுவே கிணறாகிவிடும். நனைந்த மண் சூட்டை வேகமாகக் கடத்தும், சுவரைத் தள்ளும், ஓரத்தைச் சரிக்கும். மூடிய குடிலில் இலைகளில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். காலையில் செடிகள் கரியமில வாயுவைத் தீர்த்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே வர வேண்டும், அதோடு சூடும் போகும். வறண்ட நிலம் என்று நம்பியிருக்கவும் முடியாது: 2010 ஆகஸ்ட் 5ஆம் தேதி இரவு லேயில் மேகவெடிப்பு நிகழ்ந்தபோது மண்வீடுகள் கரைந்து உயிர்கள் பலியாயின. இதற்கு விடை குழியைக் கைவிடுவது அல்ல. குழிக்கு இடம் பார்ப்பது. தெற்கு நோக்கிய சரிவில் பாதி புதைந்த குடிலுக்கு நீர் தானே வடியும், வடக்குச் சுவர் மலையாகவே இருக்கும், தெற்குச் சுவரின் நிழல் இருக்காது. சமதளத்தில், நீர் தேங்கும் மண்ணில், தோண்டுவதைவிட வடக்குப் பக்கம் மண்ணைக் குவித்து அணைப்பது பாதுகாப்பு.

செலவையும் சாலையையும் சேர்த்து வரும் வாதம் எதிர்காலத்தைப் பற்றியது. 2020 அக்டோபரில் மணாலி வழியில் உள்ள ரோத்தாங் கணவாயின் அடியில் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்தது. சோஜி லாவில் சுரங்கம் வெட்டப்படுகிறது. லாரி குளிர்காலத்திலும் வந்துவிட்டால், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தாள் மாற்றி, தினம் போர்வை சுருட்டி, உறைந்த வாய்க்காலிலிருந்து தண்ணீர் சுமந்து யார் கீரை வளர்ப்பார்கள்? தக்காளி, வெள்ளரி விஷயத்தில் இந்த வாதம் வெல்லும் என்றே தோன்றுகிறது. ஆனால் சமவெளியிலிருந்து பல நாள் பயணத்தில் முதலில் வாடுவது இலை. குடில் மிகச் சுலபமாகத் தருவதும் இலைதான். நெடுஞ்சாலையில் உள்ள லேக்கு உண்மையானது, லடாக்கின் ஜான்ஸ்கர் பகுதி உட்கிராமங்களுக்கு உண்மையாகிவிடாது. இந்தக் குடில்கள் ஊருக்குச் சோறு போடுவதாக யாரும் சொன்னால் அது மிகை. பார்லியும் உருளையும் வயலில்தான் விளையும். குளிர்காலத் தட்டில் ஒரு பச்சையைச் சேர்ப்பது, நாற்றை ஒரு மாதம் முன்னே கொண்டுவருவது என்ற இரண்டு வேலைக்கு உள்ளூர் மண்ணும் ஒரு தாளும் போதும். எண்ணெயோ விறகோ எரித்துச் சூடேற்றும் குடில் கூடுதலாக விளைவிக்கும் என்பது சரி. மரமே அரிதான நிலத்தில், சமையல் அடுப்புக்கே சாணத்தைச் சேர்த்துவைக்கும் வீட்டில், கீரைக்கு எரிக்க எதுவும் மிஞ்சாது.

ஆகவே இந்த முயற்சியில் இறங்குகிறவர்கள் கூலிக்கு ஆள் கூப்பிடும் முன் செய்ய வேண்டிய சோதனைக்குக் காசு செலவில்லை. டிசம்பர் 21 அன்று, தென்கோளத்தில் என்றால் ஜூன் 21 அன்று, நடுப்பகலில் ஒரு கழியை நிலத்தில் நேராக நட்டு நிழலை அளந்தால் போதும். லா பாஸில் நிழல் கழியைவிடக் குட்டையாக இருக்கும். அங்கே ஆளுயரக் குழி தகும். லேயில் கழியைப் போல ஒன்றரை மடங்கு. இடுப்பளவோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் சுவருக்குப் போக வேண்டும். மினியாபொலிசில் இரண்டரை மடங்கு. தோண்டிய மண்ணை எல்லாம் வடக்கே குவித்துத் தெற்கைத் திறந்துவிட வேண்டும். ஹெல்சின்கியில் ஒன்பது மடங்கு. வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். நிழல் சொன்ன பிறகு இரவுப் போர்வைக்கு யார் பொறுப்பு என்பதை வீட்டுக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் பிறகு மண்வெட்டியை எடுத்தால் நேரம் தவறியதாக ஆகாது.